தென்கோடி வீட்டு வெயில்

கெடாவில் கரங்கானுக்குப் போகும் சாலையில் எங்கள் தாமானின் புது வீடுகள் கட்டி முடியும் தறுவாயில் இருந்தன. ஒரு டிசம்பர் மாதக் காலை, நான் வாங்க நினைத்திருந்த நாலாவது வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வரிசையின் தென்கோடி வீட்டுப் பக்கவாட்டில் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் குடை. மடியில் உள்ளங்கை அளவு 555 கணக்கு நோட்டு. எதிரே மண்ணில் நான்கு மூங்கில் குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஈரக் கைக்குட்டை. காவலாளி அவரை நகராண்மைக் கழகத்து அதிகாரி என்று எண்ணி, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். அம்மையாரும் மறுக்காமல் தலையசைத்து ஏற்றுக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா செய்றீங்க?" என்று கேட்டேன்.

"வெயில அளக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஒன் நெழலு மூணாம் நம்பர் கைக்குட்டை மேல விழுது."

அப்படித்தான் பிரேமாவதி அக்கா எனக்குப் பழக்கமானார். இன்று அவர் எங்கள் வரிசையின் எட்டாவது வீட்டுக்காரர். அவர் அந்த வீட்டை வாங்கிய கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவர் கணவர் அய்யாவு அண்ணன் சொன்னது. அய்யாவு அண்ணன் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை, குறைத்துச் சொல்கிறவர். பின்னால் அதுதான் பெரிய வம்பாகப் போனது.

அக்கா பிறந்தது பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பலருக்குக் கண் கலங்கிவிடும். அக்காவுக்குக் கோபம்தான் வரும். "என்னா தோட்டம்? எந்நேரமும் இருட்டு. பால் மரம் வாசப்படி வரைக்கும் நிக்கும். மழ மாசத்துல பள்ளிக்கூடத்துச் சட்ட காயவே காயாது. ஈரச் சட்டையோட ஆறு வருஷம் படிச்சேன்" என்பார். அவர் அம்மா நட்ட மிளகாய்ச் செடி ஒன்று வெளிச்சம் தேடித் தேடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஒரு காய்கூடக் காய்க்காமல் செத்துப்போனதாம். அதை இன்னும் மறக்கவில்லை.

கல்யாணமாகி கூலிமுக்கு வந்தார். அடுக்குமாடியில் நாலாவது மாடி. எதிரே இன்னோர் அடுக்குமாடி. அங்கே தாழ்வாரத்தில் வைத்த கறிவேப்பிலைக்கு வருஷத்துக்கு ஏழெட்டு இலை விட்டால் பெரிது. வேலை பார்த்ததோ ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில், இருபத்தாறு வருஷம். பூதக் கண்ணாடிக்குக் கீழே நகக்கண் அளவு சில்லுகளை வைத்து, கோடு, கீறல், தூசு என்று குறை கண்டுபிடிப்பது. அந்தக் கட்டடத்தில் சன்னலே கிடையாது. ஆக, ஐம்பத்தைந்து வயது வரைக்கும் அக்காவுக்கும் சூரியனுக்கும் சரியான அறிமுகமே ஏற்படவில்லை.

குறை கண்டுபிடிக்கும் பழக்கம் மட்டும் நன்றாக ஏற்பட்டுவிட்டது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தக்காளி வாங்கினால்கூட ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். மகள் ரூபினி பினாங்கிலிருந்து கூட்டி வந்த மாப்பிள்ளையை மூன்று மாதம் பரிசோதனையில் வைத்திருந்த பிறகே "பாஸ்" போட்டார் என்று அய்யாவு அண்ணன் சொல்வார்.

ஓய்வு பெற்ற வாரமே அக்கா கணவரிடம், "எனக்கு ஒரு தோட்டம் வேணும்" என்றார்.

அண்ணன் திடுக்கிட்டார். "தோட்டத்த விட்டு ஓடி வந்து முப்பது வருஷம் ஆவுது. மறுபடியும் தோட்டமா? இந்த வயசுல மரம் சீவப் போறியா?"

"அந்தத் தோட்டம் இல்லீங்க. செடி வைக்கிற தோட்டம். தர வீடு, பக்கத்துல பத்தடி மண்ணு, மண்ணுல வெயிலு. அவ்வளவுதான்."

அய்யாவு அண்ணன் அதே தொழிற்சாலையில் பேருந்து ஓட்டியவர். ஆட்களை ஏற்றி இறக்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் வண்டியை எங்கே நிழலில் நிறுத்துவது என்பதே அவர் யோசனை. தலையில் முடி குறையக் குறைய அந்த யோசனை இன்னும் தீவிரமானது. வெயில் தேடும் மனைவியும் நிழல் தேடும் கணவரும் சேர்ந்து வீடு தேடக் கிளம்பினார்கள்.

அவர்களுக்கு வீடு காட்ட வந்தவர் புவனேசன் என்ற தரகர். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, எதற்கும் சிரித்த முகம். முதல் நாள் லூனாஸில் ஒரு வீட்டைக் காட்டினார்.

"ஆண்டி, மூனு ரூம், ரெண்டு பாத்ரூம், கிச்சன் பெருசுலா."

"சரி தம்பி. பக்கத்து வீட்டு மாமரம் எத்தன வருஷத்து மரம்?"

"மரமா? தெரியலியே ஆண்டி."

"இப்பவே நம்ம வேலிய தாண்டி நிக்கிது. இன்னும் அஞ்சு வருஷத்துல முழு மண்ணும் நெழலாயிடும். அவங்க வெட்டுவாங்களா, கேட்டுச் சொல்லுங்க."

வாங்காத வீட்டுக்காக, பழகாத ஒருவரிடம் போய் மாமரத்தை வெட்டுவீர்களா என்று கேட்ட ஒரே தரகர் கெடாவிலேயே புவனேசனாகத்தான் இருப்பார். வெட்டமாட்டார்களாம். லூனாஸ் கழிந்தது.

பாடாங் செராயில் இரண்டாவது வீடு. புவனேசன் காலை பத்து மணிக்குக் கூட்டிப் போனார். கொல்லை முழுக்க வெயில். அக்கா வீட்டுக்கு வந்து, மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாக வாடகைக் காடி பிடித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார். பின்வீட்டுக்காரர் போட்டிருந்த தகரக் கூரையின் நிழல் கொல்லையை மூடியிருந்தது. அன்று மாலை புவனேசனுக்குத் தொலைபேசியில் பாடம் நடந்தது.

"தம்பி, நீங்க எல்லா வீட்டயும் பத்து மணிக்கே காட்டுறீங்க. ஏன்?"

"அதான் ஆண்டி நல்ல டைம். பன்னெண்டு மணிக்கு உச்சி வெயில் வந்துரும், சூடு தாங்காது."

"நம்ம ஊர்ல உச்சி பன்னெண்டு மணிக்கு இல்ல. ஒன்னேகாலுக்கு. குச்சி நட்டுப் பாத்திருக்கேன்."

புவனேசன் வீடு விற்க வந்த பத்து வருஷத்தில் அவரிடம் யாரும் உச்சி நேரத்தைத் திருத்தியதில்லை. அதற்குப் பிறகு அவர் அக்காவைப் பார்க்க வரும்போது கையில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வர ஆரம்பித்தார்.

இப்படி எட்டு மாதத்தில் பதினொரு வீடுகள். ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் நிழல். ஒரு வீட்டில் வெயில் நன்றாக இருந்தது, மண்ணுக்குப் பதில் முழுக்க சிமென்ட். இன்னொரு வீட்டில் எல்லாம் சரி. அக்கா கையெழுத்துப் போடுவதற்கு முதல் வாரம் எதிரே மூன்று மாடிக் கடைவீடு வரப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டுவிட்டார்கள். ரூபினி பினாங்கிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, போன்லயே ஒரு ஆப் இருக்குமா. கேமராவ காட்டுனா போதும், வருஷம் முழுக்க சூரியன் எந்தப் பக்கம் போவும்னு கோடு போட்டுக் காட்டும்" என்றாள்.

"சூரியன் எங்கடி போவும்? கெழக்க வரும், மேக்க போவும். அதுக்கு ஒரு ஆப்பா?" என்று அக்கா வைத்துவிட்டார்.

கடைசியில் புவனேசன் எங்கள் தாமானுக்குக் கூட்டி வந்தார். எட்டு இரட்டை மாடி வீடுகள், வடக்குத் தெற்காக ஒரே வரிசை, எல்லாம் கிழக்குப் பார்த்தவை. நடுவில் உள்ள எங்கள் வீடுகளுக்கு முன்னால் காடி நிறுத்த இடம், பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் லோங்காங் சாக்கடை, அவ்வளவுதான். இரண்டு கோடி வீடுகளுக்கு மட்டும் பக்கவாட்டில் பத்தடி அகலத்தில் வெறும் மண். வடகோடி வீட்டுக்கு வடக்கே. தென்கோடி வீட்டுக்குத் தெற்கே. இரண்டும் அப்போது விற்காமல் இருந்தன.

அக்கா இரண்டையும் இரண்டு இரண்டு நாள் அளந்தார். வடகோடியில் காலை எட்டு மணிக்கு நட்ட கைக்குட்டைகள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஈரமாகவே தொங்கின. வீட்டுச் சுவரின் நிழல் வேலி வரைக்கும் படுத்துக்கிடந்தது. சுவர் அடியில் பச்சையாகப் பாசி. தென்கோடியில் அதே கைக்குட்டைகள் இருபது நிமிஷத்தில் அப்பளம் போல மொடமொடத்தன. சூரியன் காலையில் அங்கே வந்தது, மாலை ஐந்தரை வரை நகரவே இல்லை. அக்கா 555 நோட்டில் "தெற்கு: ஒன்பது மணி நேரம். பாஸ்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். புவனேசன் மூச்சு விட்டது எனக்கு நாலாவது வீட்டு வாசலில் கேட்டது.

அய்யாவு அண்ணன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், அந்தத் தெற்குப் பக்கத்து மண்ணில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு, "நல்ல வீடு பிரேமா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். பதினொரு வீட்டில் ஒரு வீட்டைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. அக்காவுக்குச் சந்தோஷம். ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதே நாள் வடகோடி வீட்டைப் பார்க்க இன்னொருவர் வந்திருந்தார். சாஃபியா. அவர் கணவர் அய்யூப்புக்குக் கூலிமில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், முன்பின் பழக்கமில்லாத சாஃபியாவிடம் புத்தி சொன்னார்.

"இந்தக் கோடி வேணாம்மா. இருட்டு. பாரு, முந்தாநாளு என் கைக்குட்டையே நாலு மணி நேரமா காயல."

சாஃபியா கைக்குட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "வீட்டுல டிரையர் இருக்குக்கா" என்றார்.

"துணிக்கு இல்லம்மா. செடிக்கு."

"நான் நாள் பூரா கடையில அடுப்புகிட்ட நிக்கிறவ. வீட்டுக்கு வந்தா குளுகுளுன்னு இருந்தா போதும். இது நல்லாத்தான இருக்கு?"

அக்கா முக்காலியோடு திரும்பினார். என்னிடம் வந்து, "பாவம், ஏமாந்துட்டா" என்றார்.

சாவி கொடுக்க எட்டு மாதம் பிடித்தது. ஆவணியில் பால் காய்ச்சினார்கள். எல்லாரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் குடியேறினோம். அக்கா மண்ணைக் கொத்தி, எரு கலந்து, புரட்டாசி முடிவதற்குள் பாகல், வெண்டை, கத்தரி, மிளகாய், புதினா என்று நிரப்பிவிட்டார். பாதி மண்ணில், பாதி தொட்டிகளில். நாற்பது வருஷத்து ஆசை பத்தடியில் முளைத்தது என்றால் எப்படி முளைத்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் எங்கள் வரிசையில் யாரும் காய்கறி வாங்கவில்லை. வாங்க விடவில்லை. காலையில் கதவைத் திறந்தால் கேட்டில் பாகற்காய்ப் பை தொங்கும். பொரித்தோம், குழம்பு வைத்தோம், ஊறுகாய் போட்டோம். ஒரு கட்டத்தில் என் வீட்டுக்காரர் பையின் நிழலைக் கண்டாலே பின்வாசல் வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தார். பையோடு சேர்ந்து ஒரு சொற்பொழிவும் வரும்: வீடு வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கவேண்டும், எதைப் பார்ப்பதில்லை, எத்தனை பேர் மார்பிள் தரையைப் பார்த்து மயங்குகிறார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகப் பை போனது சாஃபியா வீட்டுக்கு. அவர் நட்ட புதினா அந்த நிழலில் அழுகிவிட்டிருந்தது. "அன்னிக்கே சொன்னேன்ல?" என்று ஆரம்பித்து, "பரவால்ல, நான் இருக்கேன்" என்று முடிப்பார் அக்கா. சாஃபியா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். கடைக்கு ஆகும் என்று பாகற்காயையும் மறுக்காமல் வாங்கியது எங்கள் வரிசையில் அவர் ஒருவர்தான்.

தைப்பொங்கலை அக்கா அந்தப் பக்கவாட்டு மண்ணிலேயே மூன்று கல் கூட்டி வைத்தார். எங்களையெல்லாம் கூப்பிட்டார். பானை பொங்கியபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நேரிலேயே அழைத்துக் குடியமர்த்திய விருந்தாளியைப் பார்ப்பதுபோல் சூரியனைப் பார்த்தார்.

பங்குனி கழிந்தது. சித்திரை பிறந்த சில நாளில் அக்கா என் கேட்டருகே வந்து நின்றார். கையில் பை இல்லை.

"நளினி, ஒங்க வீட்டுப் பக்கம் வெயில் சரியா வருதா?"

"வருதுக்கா. ஏன்?"

"இல்ல, சும்மாத்தான் கேட்டேன்" என்று போய்விட்டார்.

வைகாசியில் பாகல் கொடியின் இலைகள் மஞ்சளித்தன. கத்தரி நெடுநெடுவென்று வளர்ந்து, பூவை உதிர்த்தது. அக்கா எரு மாற்றினார். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். முட்டை ஓடு இடித்துப் போட்டார். பிறகு ஒரு நாள் முக்காலியும் 555 நோட்டும் மறுபடி வெளியே வந்தன. காலை முழுக்க நிழல். உச்சி நேரத்தில் வேலியோரமாக ஒரு முழ அகலத்துக்கு வெயில், ஒரு மணி நேரம். பிறகு அதுவும் போய்விட்டது. அவர் வீட்டுச் சுவரின் நிழலே அவர் மண்ணை மூடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் வடகோடியில் பார்த்த அதே நிழல்.

அக்கா புவனேசனைக் கூப்பிட்டார்.

"தம்பி, வெயிலக் காணோம்."

"மழக்காலமா ஆண்டி?"

"மழ இல்ல. ஊரெல்லாம் வெயிலு கொளுத்துது. என் மண்ணுல மட்டும் இல்ல."

 புவனேசன், "வீட்டுல குறை இருந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் டெவலப்பர்கிட்ட பாரம் குடுக்கலாம் ஆண்டி" என்று தப்பித்துக்கொண்டார். விரிசல், ஒழுக்கு, கசிவு என்று எழுதிக் கொடுக்கத்தான் அந்தப் படிவம். ஆனால் இருபத்தாறு வருஷம் குறை எழுதிய கை சும்மா இருக்குமா? "குறை: பக்கவாட்டில் சூரிய ஒளி இல்லை. தொடங்கிய தேதி: ஏப்ரல் பதினைந்து" என்று மலாயில் தெளிவாக எழுதி, கட்டட நிறுவனத்தின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இருந்த பெண் இரண்டு தடவை படித்துவிட்டு, "மாத்தாஹாரி?" என்று மேலே சூரியன் பக்கம் கையைக் காட்டிக் கேட்டாளாம். அக்கா "அதேதான்" என்றார். அவள் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று வாடிய கீரை ஒரு கட்டை எடுத்துக்கொண்டு அக்கா சாஃபியா வீட்டுக்குப் போனார். முன்கேட்டில் குரல் கொடுத்தும் பதில் இல்லாததால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

அங்கே வெயில் ஓவென்று அடித்தது. பாசி இருந்த சுவர் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது. மண் முழுக்க மிளகாய்ச் செடிகள், காய் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றன. நடுவே ஒரு பூசணிக்கொடி வேலியில் ஏறி, மூன்று காயைத் தொங்கவிட்டிருந்தது. சாஃபியா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மிளகாய் பறித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எப்ப நட்ட?" அக்காவின் குரல் ஏறக்குறைய குற்றச்சாட்டாகவே வந்தது.

"நான் எங்கக்கா நட்டேன்? கடையிலருந்து மச்சான் கொண்டாந்த மொளகா வெதையும் பூசணிக் குடலும் இங்கதான் கொட்டினேன். அதுவா வந்திருச்சு. நீங்க என்னமோ இருட்டுன்னீங்க. எந்நேரமும் வெயில்லா. ஜன்னல் திரையவே தெறக்க முடியல."

அக்கா கீரைக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சாஃபியா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, ஒரு பை நிறைய மிளகாய் பறித்துக் கொடுத்தார். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா நடுவில் உள்ள எங்கள் ஆறு வீட்டு வாசலையும் கடந்து போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. யாருக்கும் பை கொடுக்கவில்லை, சொற்பொழிவும் இல்லை.

வீட்டுப் பக்கவாட்டில் அய்யாவு அண்ணன் சாய்வு நாற்காலி போட்டு, ஜில்லென்ற நிழலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, வெயிலு வடகோடிக்குப் போயிருச்சு."

"ஆமா" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

"ஆமாவா?"

அண்ணன் நாளிதழை மடித்தார். தப்பு நடந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. "சித்திரைக்கு மேல வடக்கால போவும் பிரேமா. பொரட்டாசிக்கு மேல தெக்கால வரும். இருவத்தி ரெண்டு வருஷம் பஸ்ஸ பேக்டரி செவுத்தோரம் நிப்பாட்டினேனே. அர வருஷம் இந்தப் பக்கம் நெழலு, அர வருஷம் அந்தப் பக்கம் நெழலு. பாத்துப் பாத்துத்தான் மாத்தி நிப்பாட்டுவேன்."

"அப்ப டிசம்பர்லயே ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. நீ வெயில அளந்துகிட்டு இருந்த. நெழலப் பத்தி யாருமே எங்கிட்ட கேக்கல." தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சேர்த்தார்: "தை ஒண்ணாந்தேதி கோயில்ல ஐயரு சொன்னாரே, சூரியன் வடக்கால திரும்புறாருன்னு. வருஷா வருஷம் சொல்றாங்க. இந்த எடத்துலயே சக்கரப் பொங்கல் வச்சு நீதான வழியனுப்புன. போயிட்டாரு."

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் மிளகு ரசம் மட்டுமே சமைக்கப்பட்டது என்று அண்ணன் எங்களிடம் சொன்னார். வழக்கம்போல் குறைத்துச் சொல்லியிருப்பார். ஐந்து நாளாக இருக்கலாம்.

உண்மையில் அக்காவுக்குக் கோபம் கணவர் மீது பாதிதான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு தையிலும் சூரியனுக்குப் பானை வைத்தவர், அந்தச் சூரியன் எங்கே போகிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வானத்துச் சங்கதியில் தன் பரிசோதனை தோற்றது என்றால் தாங்கியிருப்பார். பேருந்து நிறுத்துகிற மனிதருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ரூபினியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவர் தொலைபேசியில் அந்த ஆப் ஏறியிருந்ததை நான் பார்த்தேன்.

ஆறாம் நாள் அக்கா முக்காலி, குடை, 555 நோட்டு, கைக்குட்டைகள் சகிதம் சாஃபியா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். இந்த முறை அனுமதி கேட்டுத்தான் போனார். மாலையில் கணக்கை முடித்துக்கொண்டு சொன்னார்.

"சாஃபியா, ஒனக்கு ஆவணி வரைக்கும் வெயிலு. எனக்கு ஐப்பசியிலருந்து மாசி வரைக்கும் வெயிலு. ரெண்டு பேருக்கும் அர வருஷம் மண்ணு சும்மா கெடக்குது."

"அதுக்கு வெயில தள்ளி வைக்க முடியுமாக்கா?"

"வெயில முடியாது. தொட்டிய முடியும்."

சாஃபியா யோசித்தார். "எங்க கடைக்குத் தெனம் கறிவேப்பில, புதினா, பச்ச மொளகா வேணும். அது வருஷம் பூரா வந்தா எனக்குப் போதும். வெள்ளிக்கிழம மீன் கறி ஒங்க வீட்டுக்கு வந்துரும்."

"பாவக்கா?"

"பாவக்கா கொஞ்சம் கொறச்சுக்கலாம்கா" என்றார் சாஃபியா, எங்கள் எல்லார் சார்பாகவும்.

இப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு தொட்டிகள் தென்கோடியிலிருந்து வடகோடிக்குப் புறப்பட்டன. அய்யூப் அண்ணன் கடையிலிருந்து தள்ளுவண்டி கொண்டு வந்தார். அய்யாவு அண்ணன் தண்டனையாகப் பெரிய தொட்டிகளைத் தூக்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது நின்று, "மாத்தலாகிப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். புரட்டாசி கடைசியில் அதே ஊர்வலம் எதிர்த்திசையில் நடந்தது. அதற்குள் அக்காவின் தொட்டி எது, சாஃபியாவின் தொட்டி எது என்று இருவருக்கும் தெரியவில்லை. இனிமேல் எதையும் மண்ணில் நடுவதில்லை என்றும் முடிவாகிவிட்டது.

டிசம்பரில் இரண்டு பணியாளர்கள் ஒரு கடிதத்தோடு வந்தார்கள். கட்டட நிறுவனத்திலிருந்து, குறைபாட்டைச் சோதிக்க. அன்று பக்கவாட்டில் வெயில் வழிந்தது. அவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரிசெய்யப்பட்டது" என்ற கட்டத்தில் குறிபோட்டு, கையெழுத்துக் கேட்டார்கள். அக்கா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அதன் கீழே, "ஜூனில் மறுபரிசோதனை தேவை" என்று எழுதினார். வந்தவர்கள் அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

புவனேசன் இப்போது எங்கள் தாமானுக்கு ஆள் கூட்டி வந்தால் தென்கோடியைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அக்கா கண்ணில் பட்டுவிட்டால் வாங்க வந்தவர்களை நிறுத்தி, "வாங்குறதுக்கு முன்னாடி டிசம்பர்ல ஒரு தடவ, ஜூன்ல ஒரு தடவ வந்து பாருங்க" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன பிறகு இரண்டு தடவை வந்து பார்க்கிறவர்கள் யாரும் இல்லை; ஒரு தடவைகூடத் திரும்பி வருவதில்லை என்று அவருக்கு வருத்தம்.

அய்யாவு அண்ணனுக்கு ரசத் தண்டனை முடிந்து மன்னிப்பும் கிடைத்துவிட்டது. தொட்டிகள் வடக்கே போகிற அன்றைக்கு அவருடைய சாய்வு நாற்காலி தெற்கே இறங்கும். அய்யூப் அண்ணனும் கடை விடுமுறை நாளில் இன்னொரு நாற்காலியோடு அங்கே வந்துவிடுவார். தொட்டிகள் தெற்கே திரும்பினால் இரண்டு நாற்காலிகளும் வடக்கே போய்விடும். நடுவில் இருக்கிற என் வீட்டு வாசலில் எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்க நிற்பார்கள்.

இந்தச் சித்திரை ஊர்வலத்தில் தள்ளுவண்டி என் வாசலில் நின்றபோது, அக்கா ஒரு கத்தரித் தொட்டியை மட்டும் இறக்கி ஓரமாக வைத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டை அழுத்திப் பார்த்தார். "இது தேறாது. வேணும்னா நீ வச்சுக்க நளினி" என்றார்.

என் வாசலில் காடிக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். காலையில் கொஞ்ச நேரம் அங்கே வெயில் படும். எவ்வளவு நேரம் என்று நான் பார்த்ததில்லை. ஏழு காய் காய்த்திருக்கிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.